அவசர மானியமும் தொழில்நுட்ப உதவியும்: சிறிய தொண்டு நிறுவனங்கள் அறிந்திருக்க வேண்டியவை

எமது ஊர்களில் தொண்டு நிறுவனங்களுக்குக் குறைவில்லை. பாலர் பாடசாலைச் சங்கம், ஜனாஸா நலன்புரிச் சங்கம், மாதர் சங்கம், நூலகக் குழு, அநாதை இல்லப் பரிபாலன சபை எனப் பல பெயர்களில் இவை இயங்கி வருகின்றன. இவை இலாபம் கருதி நடத்தப்படுபவை அல்ல. ஆயினும் மாதம் முடிந்ததும் சம்பளம், வாடகை, மின் கட்டணம் என்ற விடயங்களில் இவற்றுக்கும் ஒரு கடைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

கடைக்குக் கஷ்டம் வந்தால் முதலாளி வங்கியில் மேலதிகப் பற்றுக் கேட்கலாம். மொத்த வியாபாரியிடம் தவணை வாங்கலாம். நகையை அடகு வைக்கலாம். தொண்டு நிறுவனமொன்றுக்கு இந்த வழிகள் பெரும்பாலும் கிடையாது. பிணையாக வைக்கச் சொத்து இருக்காது. இருந்தாலும் அது வக்பு செய்யப்பட்டதாகவோ அன்பளிப்பாகக் கிடைத்ததாகவோ இருக்கும். இதனால் ஒரு வெள்ளம் அல்லது ஒரு நன்கொடையாளரின் பின்வாங்கல், பத்து வருடங்களாக நடந்து வந்த ஒரு நல்ல பணியை இரண்டு மாதத்தில் மூடிவிடக் கூடியதாக இருக்கின்றது.

இத்தகைய நிலைமைகளுக்காகவே நன்கொடை வழங்கும் நிதியங்கள் இரண்டு வகையான சிறு மானியங்களை வைத்திருக்கின்றன. ஒன்று அவசர மானியம். மற்றையது தொழில்நுட்ப உதவி மானியம். முதலாவதைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கின்றனர். இரண்டாவதைக் கேட்டுப் பெறுபவர்கள் மிகவும் குறைவு. ஆனால் இரண்டாவதைக் காலத்தோடு பெற்றுக்கொண்ட நிறுவனத்துக்கே முதலாவது எளிதில் கிடைக்கின்றது. அது எவ்வாறு என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

அவசரம் என்பது என்ன?

அவசர மானியம் இரண்டு விதமாக வழங்கப்படுகின்றது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு உலர் உணவு, உடை, தற்காலிகக் கூடாரம் போன்றவற்றை வழங்குவதற்காக நிறுவனமொன்றின் கையில் கொடுக்கப்படும் பணம் முதலாவது விதம். இங்கு நிறுவனம் ஒரு வாய்க்கால் மட்டுமே. வந்த பணம் முழுவதும் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நிறுவனமே பாதிக்கப்படும்போது அதனைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கப்படும் பணம் இரண்டாவது விதம். கூரை காற்றில் பறந்து விட்டது, கணக்குப் புத்தகங்களும் கணினியும் வெள்ளத்தில் போய்விட்டன, இடத்தைக் காலி செய்யுமாறு திடீரென அறிவித்தல் வந்துள்ளது, ஒப்பந்தப்படி வர வேண்டிய தவணைப் பணம் நின்றுவிட்டது என்பன இதற்கான காரணங்களாக அமையும்.

கடைசியாகச் சொன்ன காரணம் அண்மையில் பலருக்கு அனுபவமாகியது. 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா தனது வெளிநாட்டு அபிவிருத்தி உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்துமாறு ஆணை பிறப்பித்தது. பின்னர் பெரும்பாலான திட்டங்கள் அடியோடு இரத்துச் செய்யப்பட்டன. அதே வருடம் ஜூலை மாதத்துடன் யூ.எஸ்.எயிட் ஒரு தனி நிறுவனமாக இயங்குவதும் முடிவுக்கு வந்தது. அந்த நிதியை நம்பி ஊழியர்களை வைத்திருந்த நிறுவனங்களுக்கு, உலகெங்கிலும், எந்தப் புயலும் அடிக்காமலேயே அனர்த்தம் ஏற்பட்டது.

எவை அவசரமாகக் கருதப்பட மாட்டா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஏற்படும் வரவு செலவுப் பற்றாக்குறை, நீண்ட காலக் கடன், திருத்தாமல் விட்டதால் இடிந்து விழுந்த மதில், நிருவாக சபையின் உட்பூசலால் நின்று போன வேலை ஆகியவற்றுக்கு அவசர மானியம் பொதுவாகக் கிடைப்பதில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர் தனக்குள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வார். இது எதிர்பாராததா? இப்போது ஒரு சிறு தொகை கொடுத்தால் பின்னால் வரும் பெரிய நட்டம் தடுக்கப்படுமா? நிறுவனம் தன் பங்குக்கு என்ன செய்துள்ளது? இந்தப் பணம் முடிந்த பிறகு எப்படி நடத்தப் போகிறார்கள்?

ஒரு மாதிரிக் கணக்கு

இதனை ஒரு கற்பனை உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். கரையோரச் சிறுநகரொன்றில் ஒரு சங்கம் பாலர் பாடசாலையொன்றையும் பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையமொன்றையும் நடத்துகின்றது என்று வைத்துக்கொள்வோம்.

ஆசிரியைகள் இருவருக்கும் 60,000 ரூபா, தையல் பயிற்றுநருக்கு 35,000 ரூபா, வாடகை 25,000 ரூபா, மின்சாரம் நீர் 8,000 ரூபா, ஏனையவை 12,000 ரூபா. மாதச் செலவு 140,000 ரூபா. வரவைப் பார்த்தால் 60 பிள்ளைகளிடம் தலா 1,500 ரூபா வீதம் 90,000 ரூபாவும், ஊர்த் தனவந்தர்கள் தரும் 50,000 ரூபாவுமாக அதே 140,000 ரூபா. வங்கியில் இருப்பது 85,000 ரூபா. அதாவது நாளையே வரவெல்லாம் நின்றால் இந்தச் சங்கத்தால் 18 நாட்களே தாக்குப்பிடிக்க முடியும். எமது பல நிறுவனங்களின் நிலைமை இதைவிட மேலானதல்ல.

இப்போது வெள்ளம் வருகின்றது. கூரைத் தகடுகளும் மரமும் மாற்ற 240,000 ரூபா தேவை. நனைந்த 14 தையல் இயந்திரங்களைப் பழுது பார்க்க ஒன்றுக்கு 6,000 ரூபா வீதம் 84,000 ரூபா. தளபாடங்களுக்கும் நிலத்துக்கும் 56,000 ரூபா. பாடசாலை இரண்டு மாதம் மூடப்பட்டால் இழக்கப்படும் கட்டணம் 180,000 ரூபா. மொத்தம் 560,000 ரூபா. சங்கம் வங்கியிலிருந்து 60,000 ரூபாவை எடுக்கின்றது. ஜும்ஆ வசூலில் 50,000 ரூபா சேர்கின்றது. மிகுதித் தேவை 450,000 ரூபா.

இந்த இடத்தில் பல சங்கங்கள் ஒரு தவறைச் செய்கின்றன. "வந்ததுதான் வந்தது, புதிய கட்டடத்துக்கே கேட்போம்" என்று 25 இலட்சம் ரூபாவுக்கு விண்ணப்பம் எழுதுகின்றன. அது அவசர மானியத்துக்கான விண்ணப்பமாக இல்லாமல் கட்டட நிதிக்கான விண்ணப்பமாக மாறிவிடும். படிப்பவர் அதனை ஒதுக்கி வைப்பார். 450,000 ரூபாவுக்கான கணக்கை மேற்கண்டவாறு வரி வரியாகக் காட்டி, சங்கத்தின் பங்கு 110,000 ரூபா என்பதையும் எழுதி, பாடசாலை திறக்கப்படும் திகதியையும் குறிப்பிடும் விண்ணப்பமே அவசர மானியத்துக்குப் பொருத்தமானது.

கட்டணம் இழக்கப்பட்ட 180,000 ரூபாவையும் இக்கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனிக்கவும். கூரையை மட்டும் திருத்தி ஆசிரியைகளுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவர். பிள்ளைகளும் வேறு பாடசாலைகளில் சேர்ந்துவிடுவர். பின்னர் கூரை இருக்கும், பாடசாலை இருக்காது.

தொழில்நுட்ப உதவி என்றால் இயந்திரமா?

"தொழில்நுட்ப உதவி" என்ற சொல் எம்மவரைச் சற்றுக் குழப்பிவிடுகின்றது. கணினி, புகைப்பட இயந்திரம், தையல் இயந்திரம் வாங்கித் தருவது என்றே பலரும் எண்ணுகின்றனர். நன்கொடை உலகில் அதன் பொருள் வேறு. நிறுவனம் தன்னைத் தானே சீராக நடத்துவதற்குத் தேவையான அறிவையும் திறனையும் வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதற்கான உதவியே அது.

கணக்குப் பதிவு முறையை ஏற்படுத்த ஒரு கணக்காளரை மூன்று மாதங்களுக்கு அமர்த்துவது, யாப்பைத் திருத்த சட்டத்தரணியொருவருக்குக் கட்டணம் கொடுப்பது, முதன்முறையாக வெளியக கணக்காய்வு செய்விப்பது, நிருவாக சபைக்குப் பயிற்சி, பிள்ளைகளுடன் பணிபுரியும் நிறுவனமாயின் சிறுவர் பாதுகாப்புக் கொள்கையொன்றைத் தயாரிப்பது, ஐந்தாண்டுத் திட்டம் வரைவது போன்றவை இதில் அடங்கும். தொகை பெரியதாக இருக்காது. பெரும்பாலும் பணம் குறித்த வேலையைச் செய்பவருக்கே போய்ச் சேரும். நிறுவனத்தின் கையில் ஒரு கோவையும், ஒரு பழக்கமும் மிஞ்சும்.

இதனாலேயே பலருக்கு இதில் ஆர்வம் ஏற்படுவதில்லை. திறப்பு விழா வைக்க முடியாது, பெயர்ப்பலகை மாட்ட முடியாது. ஊர் மக்களிடம் இதற்கென வசூலிப்பதும் கடினம். "கணக்காய்வுக் கட்டணத்துக்கு உதவுங்கள்" என்று கேட்டால் பணம் கொடுக்க எத்தனை பேர் முன்வருவர்? ஸகாத் நிதியை எடுத்தாலோ அது எட்டுக் கூட்டத்தாருக்கு என வரையறுக்கப்பட்டது. பாலர் பாடசாலையின் அலுவலகச் செலவுக்கு அதனைப் பயன்படுத்தலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். எனவே ஊர்ப் பணம் எட்டாத இந்தத் தேவைக்கு வெளி மானியத்தை நாடுவது புத்திசாலித்தனமாகும்.

சுனாமி காட்டிய உண்மை

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியில் இலங்கையில் சுமார் 35,000 பேர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளில் முதல் மணித்தியாலங்களில் மக்களைக் காப்பாற்றியவர்கள் அயலவர்களே. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அன்றிரவே முகாம்களாகின.

அதன் பின்னர் உலகம் அள்ளிக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்துக்குமாக சுமார் 1,350 கோடி அமெரிக்க டொலர் உதவி சேர்ந்ததாக, பல சர்வதேச நிறுவனங்கள் இணைந்து நடத்திய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் கணக்கிட்டது. உடனடி உயிர்காப்புப் பணிகளில் ஏறத்தாழ அனைத்தையும் உள்ளூர் மக்களே செய்தனர் என்றும், பின்னர் வந்த பெரிய நிறுவனங்கள் உள்ளூர் அமைப்புகளை ஓரங்கட்டிவிட்டன என்றும் அதே மதிப்பீடு குறிப்பிட்டது.

இதில் பெரிய நிறுவனங்களின் குறை இருந்தது. அதனை அவர்களே ஏற்றுக்கொண்டனர். 2016ஆம் ஆண்டு இஸ்தான்பூலில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், 2020ஆம் ஆண்டளவில் மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை இயன்றளவு நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு வழங்குவதென நன்கொடை நாடுகளும் பெரிய நிறுவனங்களும் உடன்பட்டன. ஆனால் அந்த இலக்கு 2020இல் எட்டப்படவில்லை. காரணம் கேட்டால் கொடுப்பவர்கள் வழமையாகச் சொல்வது ஒன்றுதான். "சிறிய அமைப்புகளிடம் கணக்கு இல்லை, ஆவணம் இல்லை, பணத்தை யாரிடம் நம்பிக் கொடுப்பது?" என்பதே அது.

இந்தப் பதில் முழுமையாக நியாயமானது எனச் சொல்ல முடியாது. எனினும் பாதிக்கப்படுவது எமது பக்கம் என்பதால், அவர்கள் காட்டும் காரணத்தை இல்லாமற் செய்வது எமக்கே இலாபமாகும்.

72 மணித்தியாலத்தில் என்ன செய்யலாம்?

அவசர நிதியங்கள் எவ்வளவு வேகமாக இயங்குகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் ஸ்டார்ட் ஃபண்ட் ஆகும். 2014இல் ஆரம்பிக்கப்பட்ட இந்நிதியம், தனது உறுப்பு நிறுவனங்களிடமிருந்து எச்சரிக்கை கிடைத்து 72 மணித்தியாலங்களுக்குள் பணம் கொடுப்பதா இல்லையா எனத் தீர்மானிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. பணிகளை 45 நாட்களில் முடிப்பதே அதன் ஆரம்ப விதியாகும்.

மூன்றே நாட்களில் தீர்மானம் எடுக்கப்படுகின்றதெனில், அந்த மூன்று நாட்களில் எமது சங்கத்தால் என்ன ஆவணத்தைத் தேட முடியும்? பொருளாளர் வெளியூரில். காசோலையில் கையொப்பமிட வேண்டியவர்களில் ஒருவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். கடந்த வருடப் பொதுக்கூட்ட அறிக்கை எழுதப்படவே இல்லை. பற்றுச்சீட்டுகள் ஒரு சீலைப் பையில். வெள்ளம் வடியுமுன் இவற்றைச் சரிசெய்ய எந்தக் கணக்காளராலும் முடியாது. ஆனால் அமைதியான காலத்தில் ஒரு சிறிய தொழில்நுட்ப உதவி மானியத்தைக் கொண்டு ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம்.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாட்டின் 25 மாவட்டங்களையும் பாதித்து 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அனர்த்தம் கரையோரத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை அது மாற்றிவிட்டது. மலையகத்திலும் மத்திய மாகாணத்திலும் உள்ள சங்கங்களும் இந்த ஆயத்தத்தைச் செய்தாக வேண்டும்.

கோவையில் இருக்க வேண்டியவை

பின்வருவனவற்றின் பிரதிகளை ஒரு கோவையில் இட்டு, இன்னொரு தொகுதியை வேறு வீட்டிலோ மின்னஞ்சலிலோ சேமித்து வைக்க வேண்டும்.

1. பதிவுச் சான்றிதழ். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டர் சமூக சேவை அமைப்பாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ, வேறு சட்டமொன்றின் கீழோ பதிவு பெற்றிருக்கலாம். எந்தப் பதிவு என்பதை நிருவாக சபை அறிந்திருக்க வேண்டும். பள்ளிவாசலின் பதிவு, பள்ளிவாசலோடு சேர்ந்து இயங்கும் தனிச் சங்கத்துக்குப் பொருந்தும் எனக் கருதிவிடக் கூடாது.

2. யாப்பு. சங்கம் கலைக்கப்பட்டால் சொத்து யாருக்குச் சேரும் என்ற விதி அதில் இருக்கின்றதா எனப் பார்க்கவும். பல நன்கொடையாளர்கள் முதலில் தேடுவது இதனையே.

3. தற்போதைய நிருவாக சபையின் பெயர்ப் பட்டியலும், அவர்களைத் தெரிவு செய்த பொதுக்கூட்ட அறிக்கையும்.

4. சங்கத்தின் பெயரிலான வங்கிக் கணக்கு. குறைந்தது இருவரின் கையொப்பம் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் மானியம் பெறுவது நடக்காத காரியம். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வங்கிகள் தொண்டு நிறுவனக் கணக்குகளின் விபரங்களைக் கேட்டறியக் கடமைப்பட்டுள்ளன. எனவே புதிய கணக்கு ஒரே நாளில் திறக்கப்படும் என எதிர்பார்க்கக் கூடாது.

5. கணக்காய்வு செய்யப்பட்ட கடந்த இரண்டு அல்லது மூன்று வருடக் கணக்கறிக்கை.

6. சொத்துப் பட்டியல். வாங்கிய திகதி, விலை, புகைப்படம் என்பவற்றோடு இருந்தால், இழப்பு ஏற்பட்டதும் அரை நாளில் நட்டக் கணக்கைத் தயாரித்துவிடலாம்.

7. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் ஆகியவற்றுடன் மேற்கொண்ட கடிதத் தொடர்புகள். அனர்த்தத்தின் பின் சேதத்தை உறுதிப்படுத்தும் கடிதம் அங்கிருந்தே பெறப்பட வேண்டும்.

எங்கே கேட்பது?

கொழும்பிலுள்ள தூதரகங்கள் சிலவற்றில் உள்ளூர் அமைப்புகளுக்கான சிறு மானியத் திட்டங்கள் உள்ளன. ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான மானியம் 1989இல் ஆரம்பிக்கப்பட்டது. கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்கு அது உகந்தது. ஊழியர் சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் அது பணம் தருவதில்லை. சூழல் சார்ந்த பணியில் ஈடுபடும் அமைப்புகளுக்கு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாகச் செயற்படுத்தப்படும் ஜெஃப் சிறு மானியத் திட்டம் இருக்கின்றது. 1992இல் உலகளவில் தொடங்கிய இத்திட்டத்தில், முழுத் திட்டத்துக்கு முன்னதாக அதனை வரைவதற்கென்றே சிறு தொகை கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. தொழில்நுட்ப உதவிக்கு இது நல்ல உதாரணமாகும்.

ஐ.நா. மத்திய அவசர நிதியம் ஐ.நா. நிறுவனங்களுக்கும், செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் அனர்த்த நிதியம் அதன் தேசிய சங்கங்களுக்கும் மட்டுமே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. அவற்றின் பணத்தில் வேலை செய்யும் பெரிய நிறுவனத்தின் உள்ளூர்ப் பங்காளியாவதே அங்குள்ள வழி. பங்காளியாக ஏற்கும் முன் அந்நிறுவனமும் மேற்சொன்ன கோவையையே கேட்கும்.

எமது வர்த்தகப் பிரமுகர்களுக்கும் இங்கு ஒரு பங்குண்டு. கட்டடத்துக்கும் உலர் உணவுப் பொதிக்கும் கொடுப்பது போல, தமது கடையின் கணக்காளரை மாதத்தில் ஒரு நாள் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பி வைக்கலாம். அதுவும் ஒரு தொழில்நுட்ப உதவியே. விண்ணப்பம் எதுவும் எழுதாமல் கிடைக்கும் உதவி.

பணம் வந்த பிறகு

மானியப் பணத்துக்குத் தனிப் பேரேடு வைக்க வேண்டும். கூரைக்கு வந்த பணத்தில் நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சரிக்கட்டலாம் என நினைப்பது ஆபத்தானது. விலைகள் மாறி, திட்டத்தை மாற்ற வேண்டி ஏற்பட்டால் செலவு செய்வதற்கு முன்னரே எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். மிஞ்சிய பணம் இருந்தால் அதனைச் சொல்ல வேண்டும். வரி விடயத்திலும் கவனம் தேவை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனங்கள் பெறும் மானியங்களில் 3 சதவீதத்தை வரிக்குரிய வருமானமாகக் கருதும் ஏற்பாட்டைக் கொண்டது. நிவாரணப் பணிகளுக்கு விலக்குக் கோரவும் அதில் இடமுண்டு. தமது நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் கேட்டறிவது நல்லது.

இறுதி அறிக்கையை உரிய திகதிக்கு முன்பே அனுப்பும் நிறுவனத்தை நன்கொடையாளர்கள் மறப்பதில்லை. அடுத்த அனர்த்தத்தின்போது அவர்களாகவே தொலைபேசியில் அழைத்துக் கேட்பதும் உண்டு.

இவற்றை எல்லாம் ஒரே மாதத்தில் செய்து முடிக்க முடியாது. அடுத்த நிருவாக சபைக் கூட்டத்தில் ஒரு விடயத்தை மட்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். எமது கையிருப்பு எத்தனை நாட்களுக்குப் போதும் என்பதைப் பொருளாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். மாதச் செலவால் வங்கி மீதியைப் பிரித்து முப்பதால் பெருக்கினால் விடை வந்துவிடும். அந்த எண்ணிக்கை கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்பட்டால், ஏனைய வேலைகளை யார் எப்போது செய்வது என்ற பேச்சு தானாகவே ஆரம்பிக்கும்.